முழங்கைக்குக் கீழே நாலு இன்ச்

“தோசை திருப்புங்கமா,” என்றார் ஜெபகுமார். எதிரே அடுப்பும் இல்லை, தோசையும் இல்லை. காரை பெயர்த்த சுண்ணாம்புச் சுவர் மட்டும் இருந்தது. சூடாமணி மாமி வெறுங்கையால் காற்றில் எதையோ திருப்பினார். “இப்ப கொழம்ப கிண்டுங்க.” கிண்டினார். ஜெபகுமார் இரண்டடி தள்ளி நின்று, டேப்பைத் தரையிலிருந்து நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மாமியின் முழங்கையைப் பார்த்தார். “முழங்கைக்குக் கீழ நாலு இன்ச். அதான் மேடை. புக்குல ஆயிரம் எழுதிக்கினு இருப்பான். சமைக்கிறது புக்கு இல்லயே.”

அவருடைய பட்டறை செவிலிமேட்டில். தொழில், மாடுலர் கிச்சன். வயது நாற்பத்தாறு. சட்டைப் பையில் இரண்டு பென்சில், காதில் ஒன்று. மூன்றையும் தேடிக்கொண்டே இருப்பார். ரசமட்டத்தைச் சுவரில் வைத்துக் குமிழி நடுவுக்கு வராவிட்டால் அதனிடமே கேட்பார்: “இன்னாடா, உனக்கும் மயக்கமா?” புது அடுக்குமாடிகளில் அப்படிக் கேட்க நேர்வதில்லை. சின்ன காஞ்சிபுரத்தின் இந்தப் பழைய வீட்டில் குமிழி ஓரத்திலேயே குடியிருந்தது. சமையலறை ஒரு முனையில் ஏழரை அடி அகலம், மறுமுனையில் ஏழு. துளை போட்டால் திருகு நிற்காது. ஒரு கைப்பிடி மணல் கொட்டும்.

சுவரை நேராக்கிவிடலாம் என்று கொத்தனார் சொன்னபோது ஜெபகுமார் மறுத்தார். “நூத்திருவது வருசமா சாஞ்சிக்கினே நிக்குதுபா. நாம வந்து நிமுத்துனா வுழுந்துடும். அலமாரிய சாச்சிக்கலாம்.” இதிலிருந்து ஒரு தத்துவம் எடுக்க முடியும். அவர் எடுக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியையும் வேறு வேறு ஆழத்தில் அறுத்தார்.

அந்தத் தெருவில் அவருக்கு இதுதான் முதல் வீடு. அப்பா தாவீது இதே தெருவுக்கு வைக்கோல் கொண்டுவந்தவர். வாசலோடு இறக்கிவிட்டுத் திரும்பியவர். மகன் அடுப்படி வரை வந்தாயிற்று. இது நன்றாக அமைந்தால் மேலும் நாற்பது வீடுகள், எல்லாம் கோணல் சுவர். கெட்டுப்போனால் ‘அளவு தெரியாத ஆள்’ என்ற பேச்சு பால்காரருக்கு முன்பே வீடு வீடாகப் போய்ச் சேரும்.

ஒரே தொல்லை மாமியின் கணவர் கிருஷ்ணஸ்வாமி. ஆறடி உயரம், இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். கடுகு டப்பா அடுப்பிலிருந்து எத்தனை இன்ச் என்பார். அரிசி களைந்த தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பார். சிம்னிக் குழாயைத் தெருப்பக்கம் விடவே கூடாது என்றார். “பெருமாள் புறப்பாடு வரச்சே நம்மாத்து வத்தக்குழம்பு வாசனை எதிர்ல போய் நிக்கப்படாதுப்பா.” மாமியோ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. “ரிட்டயர்டு ஆனா இப்டித்தான். அந்தம்மா தங்கம்,” என்று ஜெபகுமார் ரசமட்டத்திடம் சொல்லிக்கொண்டார்.

கிரானைட் பதித்தாயிற்று. புது அடுப்பில் பால் காய்ச்ச நாள் பார்த்து, தெருவுக்கெல்லாம் சொல்லியும் ஆயிற்று. அதற்கு நான்கு நாள் முன்னால், கைப்பிடிகள் மாட்டச் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட ஜெபகுமார் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். கிருஷ்ணஸ்வாமி புது மேடையின்மேல் வில்லாய் வளைந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி போன வேகம் நேற்றுப் பழகிய வேகம் அல்ல. மாமி முற்றத்தில் நாற்காலி போட்டுச் செய்தித்தாளில் சுடோகு போட்டுக்கொண்டிருந்தார்.

“சார்... நீங்களா?”

“முப்பத்திரண்டு வருஷமா அவர்தான்,” என்றார் மாமி, தாளிலிருந்து தலை நிமிராமல். “நான் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். நான் போட்ட காபியைக் காபின்னு சொல்லித்தான் குடுக்கணும்.”

“தெருவுல உங்க புளியோதரையத்தானே பேசறாங்க?”

“எங்க மாமியார் போட்ட சட்டம். ஆம்பளை தளிகை பண்றது வாசலுக்குத் தெரியப்படாது. செருப்புச் சத்தம் கேட்டா கரண்டி கை மாறிடும்.”

“அப்ப அன்னிக்கு ஏம்மா தோசைய திருப்புனீங்க?”

“திருப்பச் சொன்னேள். திருப்பினேன்.”

கிருஷ்ணஸ்வாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். “போறதுப்பா. குனிஞ்சே பண்ணிடறேன். கல்லைக் கழட்டினா தெருவுல பேச்சு வரும்.”

ஜெபகுமாருக்குக் கோபம் அவர்கள்மேல் இல்லை. இத்தனை வருடத்தில் எந்த வீட்டிலும், யார் சமைக்கிறீர்கள் என்று அவர் கேட்டதே இல்லை. மூன்று நாளில் கல்லைக் கழற்றி, ஆறு இன்ச் உயர்த்தி, நடுவில் விழுந்த இடைவெளியில் தட்டையாக ஒரு வரிசை டிராயர் போட்டார். மாமிக்கு ஏறி நிற்க ஒரு பலகை செய்து கொடுத்தார். பால் காய்ச்சும் நேரத்துக்கு மட்டும், புடவை மறைத்துக்கொள்ளும்.

அன்று தெருவே வந்தது. மாமி பலகைமேல் நின்று, வினாத்தாளைப் பார்ப்பதுபோலப் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக் கோதா மாமி பார்த்தது பாலை அல்ல.

“ஏண்டி சூடா, நேத்து வரைக்கும் என் தோளுக்குத்தானே இருந்தே? ஒரே நாள்ல வளந்துட்டியா?” புடவைக் கரையை விலக்கினார். பலகை. “மேடை ஏன் இத்தனை உசரம்? யாருக்குடி அளவெடுத்தா?”

கிருஷ்ணஸ்வாமி உத்தரத்தை எண்ணத் தொடங்கினார்.

“தப்பு என்துதாம்மா,” என்றார் ஜெபகுமார். “டேப்ப மாத்திப் படிச்சுட்டேன்.”

நாற்பது கோணல் சுவர்களும் அந்த ஒரு வாக்கியத்தில் போயின.

அதற்குள் பால் பொங்கியது. எல்லோரும் கைகூப்பினார்கள், பால் நிற்கவில்லை. நான்கு குமிழ்களில் எதைத் திருப்புவது என்று மாமிக்குத் தெரியவில்லை. ஒன்றைத் திருப்பினார், பக்கத்து அடுப்பும் பற்றிக்கொண்டது. பின்னாலிருந்து நீளமாக ஒரு கை வந்தது. இரண்டு அடுப்பையும் அணைத்தது, கரண்டியால் நுரையை அடக்கியது, துணியெடுத்து மேடையைத் துடைத்தது. முதுகு வளையவே இல்லை.

கோதா மாமி அந்த முதுகைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடப் புளியோதரை அவர் முகத்தில் ஒரு சுற்று வந்து போயிற்று.

“அளவெல்லாம் சரியாத்தான் எடுத்திருக்கேள்,” என்றார் ஜெபகுமாரிடம். “நாளைக்கு எங்காத்துக்கு வாங்கோ.”

ஜெபகுமார் கீழ் அலமாரியின் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு திருகை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தார்.