பெவர்லிக்குக் கிடைத்த அருமைகள்

எங்கள் ஊர் ‘நொண்டி வாத்து’ பப்புக்கு பெவர்லி சமைக்க வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டறையில் பட்டாணி அவித்துக்கொண்டிருந்தாள். அவள் வந்தபோது அது வெறும் பப். பீர் ஊற்றுவார்கள், பசிக்கிறது என்றால் முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் கிடைக்கும்.

பிறகு லண்டன்காரர் ஒருவர் அதை வாங்கினார். சுவரில் இருந்த அம்பெறியும் பலகையைக் கழற்றினார், புது மேஜைகளை வேண்டுமென்றே பழசாக்கினார், சாப்பாட்டைத் தட்டிலிருந்து கற்பலகைக்கு மாற்றினார். கிரேவி வழிந்து நாலு பேர் மடியில் விழுந்ததும் தட்டு திரும்பி வந்தது. பழைய விலை மட்டும் திரும்பி வரவில்லை. சமையலுக்கும் லண்டனிலிருந்து ஆள் கொண்டுவர நினைத்த மனிதர், பெவர்லி ஆறு மணி நேரம் வேகவைத்த மாட்டுக் கன்னக்கறியை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். அந்தக் கறிக்காகவே நாற்பது மைல் தாண்டி ஜனங்கள் வந்தார்கள்.

பெவர்லியிடம் பட்டம் கிட்டம் எதுவும் இல்லை. இருந்தது நாக்கு ஒன்றுதான். பிப்ரவரியில் வந்த சளிக்காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் விட்டது, மணமும் ருசியும் திரும்பவில்லை. பூண்டு வதங்கும் சட்டிக்குமேல் முகத்தை நீட்டினால் சூடு மட்டும்தான் தெரிந்தது. ஐம்பத்தெட்டு வயதில் ருசி தெரியாத சமையல்காரியை யார் வைத்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. கை பழகிய அளவில் உப்பு போட்டாள். போட்டோமா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு சிட்டிகை.

பரிமாறும் ஷெல்லி உள்ளே வரும்போதெல்லாம், “என்னடி சொன்னாங்க?” என்று கேட்பாள்.

“அருமைன்னாங்க அக்கா.”

அதை நம்பினாள் பாருங்கள், எங்கள் ஊரில் பிறந்தவள் செய்யக்கூடாத தப்பு அது. தட்டில் செருப்பை வேகவைத்துக் கொடுத்து “எல்லாம் சரியா இருக்கா?” என்று கேட்டாலும் எங்கள் வாயிலிருந்து வருவது ‘அருமை’தான். உண்மையைக் கார் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டுக்குப் போகிற வழியில்தான் பேசுவோம்.

மார்ச் கடைசி ஞாயிறு மதியம் பாத்திரம் கழுவுகிறவர் வரவில்லை. தட்டுகளை பெவர்லியே வழித்தாள். முதல் தட்டில் வாய் துடைக்கும் துணி கிடந்தது. எடுத்தாள், அடியில் முக்கால்வாசிக் கறி அப்படியே இருந்தது. அடுத்த தட்டில் கறியை உருளைக்கிழங்கு மசியலுக்குள் புதைத்திருந்தார்கள். மூன்றாவதில் கீரைக்கு அடியில். அவள் மனசு நோகக்கூடாதாம், திருட்டுப் பொருளைப்போல ஒளித்திருந்தார்கள். ஆறாவது தட்டோடு வழிப்பதை நிறுத்தினாள்.

நேராக ஜன்னலோர மேஜைக்குப் போனாள். ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர் ரோலண்ட் ஞாயிறு தவறாமல் அங்கே தனியாகச் சாப்பிடுவார். அவர் தட்டு மட்டும் காலியாக இருந்தது.

“எப்படி இருந்துச்சு, ரோலண்ட்?”

“அருமை, பெவ்.”

அவள் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். “எனக்கு ருசி தெரியல. ஆறு வாரமா. மறைக்காம சொல்லுங்க.”

அவர் காது வரை சிவந்துபோய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கொஞ்சம் உப்பு தூக்கலோ என்னவோ.”

“கொஞ்சம்னா?”

“மாட்டுக்கு நக்கக் குடுக்குற உப்புக்கட்டி தேவலாம்மா.”

“அப்புறம் எதுக்கு வழிச்சுத் தின்னீங்க?”

“மிச்சம் வச்சா உனக்குத் தெரிஞ்சிடுமே.”

பெவர்லிக்கு அழுகை வந்துவிட்டது. உப்புக்காக இல்லை. பத்தொன்பது வருஷமாக இதே மனிதர் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார். இன்றைய அருமை பொய் என்றால் மற்றதெல்லாம்? நாக்கு இருந்த காலத்திலாவது அவள் நல்ல சமையல்காரியாக இருந்தாளா?

“அப்ப முன்னாடி சொன்னதெல்லாம்?” என்று கேட்டேவிட்டாள்.

ரோலண்ட் ஜன்னலைப் பார்த்தார். “நீ பீட்ரூட்ல ஐஸ்கிரீம் போட்டியே, அது சகிக்கல. அருமைன்னேன்.”

“வேற?”

“ஒரு கிறிஸ்துமஸுக்கு வாத்து. பல்லு ஒண்ணு போச்சு. அன்னிக்கும் அருமைன்னேன்.”

“வேற?”

விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். “அவ்வளவுதான் பெவ். சத்தியமா.”

பெவர்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஒரு கரண்டி கிரேவியை ஷெல்லியிடம் நீட்டினாள். “ருசி பார்த்துச் சொல்லு. அருமைன்னு சொன்னே, கரண்டியாலேயே போடுவேன்.”

ஷெல்லியின் முகம் கோணிக்கொண்டது. “ஐயையோ, அக்கா!”

“அப்படிச் சொல்லு” என்று சட்டியைத் தொட்டியில் கவிழ்த்தாள் பெவர்லி.

“முதலாளி கேட்டா என்னக்கா சொல்றது?”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நல்லா சமைக்கிறவளுக்கு நாக்கு போயிருக்குன்னு நானே போய்ச் சொல்றேன்.”