பதினொரு செக்கன் வீச்சுவலை

எங்கள் கேபிள் டீவி நிலையத்தில் ஆகக்கூடிய தடவை ஓடிய காட்சி பதினொரு செக்கன் நீளம். ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிவார். வலை வட்டமாக விரிந்து விழும். அவர் திரும்பிக் கமராவைப் பார்த்துச் சிரிப்பார். அவ்வளவுதான்.

போனிலேயே படம் பிடித்து, போனிலேயே எடிட் பண்ணிச் செய்திப் பக்கம் நடத்தும் தம்பிமார் சிலர், கேபிள் காலத்து வேலையைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

1. ஏணியும் மேசையும்

என்னைக் கேபிள் இழுக்கத்தான் எடுத்தார்கள். மட்டக்களப்பு டவுனில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை. ஒன்றில் டிஷ் பெட்டிகள். மற்றதில் ஒரு மேசை, பின்னால் நீலத்துணி, ஒரு கமரா. அதுதான் செய்திப் பிரிவு. முதல் நாளே ஏணியின் நடுவில் நின்று எனக்குக் கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. முதலாளியை எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கீழே நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏணியில விறைச்சு நிக்கிற ஆளை வச்சு நான் என்ன செய்யிற? இறங்கி வா. கொம்பியூட்டர்ல குந்து. அது நிலத்திலதான் கிடக்கு."

அப்படித்தான் நான் எடிட்டர் ஆனேன். எங்கள் நிருபரும் கமராக்காரரும் ஒரே ஆள், ஓட்டமாவடி ஹனீபா காக்கா. அந்தக் கிழமை அவர் பெரியகல்லாற்றுக்குப் போய் மீன்விலைச் செய்திக்காக எடுத்து வந்ததுதான் அந்த வீச்சுவலை ஷொட். வலை எறிந்தவர் சின்னத்தம்பி அண்ணன். படம் அவ்வளவு அழகாக இருந்தது. மீன்விலைக்குப் போட்டோம். பிறகு மழை எச்சரிக்கைக்குப் போட்டோம். வாவியில் குப்பை கொட்டுகிறார்கள் என்ற செய்திக்கும், மீனவர் சங்கக் கூட்டத்துக்கும் அதையே போட்டோம். ஆளும் வாகனமும் இல்லாத நிலையத்தில் ஃபைல் ஷொட் என்ற பழைய படம் அடுப்படியில் உப்பு மாதிரி. கை தானாகப் போகும்.

ஒருமுறை சின்னத்தம்பி அண்ணன் நேரிலேயே வந்தார்.

"மனே, நான் எறிஞ்ச வலையை எப்பதான் இழுக்க விடுவீங்க? மூண்டு வருசமா எறிஞ்சிட்டே நிக்கன். ஊருக்குள்ள என்னய டீவி எண்டுதான் கூப்பிடுறானுகள்."

எல்லோரும் சிரித்தோம். அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

2. இடதுபக்க மூலை

தொடக்கத்தில் பழைய படம் போட்டால் திரையின் இடதுபக்க மேல்மூலையில் 'பழைய காட்சி' என்று எழுதுவோம். பிறகு அந்த மூலையில் ஒரு புடவைக் கடையின் விளம்பரப் படம் வந்து உட்கார்ந்தது. எழுத இடமில்லை. எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. நான் இயல்பிலேயே பயந்தவன். காஸ் அடுப்பைப் பூட்டினேனா என்று சந்தி வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பவன். சேரிடம் கேட்டேன்.

"சேர், பழைய காட்சி எண்டு இனி எங்க போடுற?"

"என்னத்துக்கு? அந்த வலையைச் சனம் நூறு தரம் பாத்திட்டுது. புதுசு எண்டு ஆர் நினைக்கப் போறான்? நீ போய் உன்ட அடுப்பைப் பாருடாப்பா."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

3. ஏழு மணிச் செய்தி

மார்கழி மாதம். பலத்த காற்று இரண்டு நாளாக அடித்துக்கொண்டிருந்தது. செய்திக்கு இருபது நிமிடம் இருக்கும்போது ஹனீபா காக்கா போன் எடுத்தார்.

"தம்பி, ஒரு தோணி கவுண்டபடி மிதந்து எழுவான்கரைப் பக்கம் ஒதுங்கி இரிக்கி. வலையும் சிக்குப்பட்டுக் கிடக்கி. ஆளைக் காணல்ல."

"ஆர் ஆள், காக்கா?"

"பேரு இன்னம் தெரியா. காத்துக்கு எங்கேருந்து வந்த தோணி எண்டும் தெரியா. பொலிஸ் வந்திரிக்கி. படம் ஒண்டும் எடுக்க ஏலா, இருட்டிட்டு."

படம் இல்லை. என் கை தானாகப் போனது. எங்களுக்குச் செய்தி வாசிக்க வரும் தங்கச்சி வாசித்தாள்: "மட்டக்களப்பு வாவியில் கவிழ்ந்த தோணியொன்று மீட்கப்பட்டுள்ளது. அதில் சென்ற மீனவரைக் காணவில்லை." அவள் குரலுக்கு மேல் சின்னத்தம்பி அண்ணன் வலை எறிந்தார், திரும்பினார், சிரித்தார். மூலையில் புடவைக் கடை.

ஏழேகாலுக்கு அவரே போன் எடுத்தார்.

"மனே, என்னய ஆத்துல தாட்டுட்டீங்களாமே! பொஞ்சாதி எனக்கு முன்னால நிண்டு அழுகிறா. ஆளைக் கிள்ளிக் காட்டினன்கா, அப்பவும் நம்புறா இல்ல."

எனக்கு உயிர் வந்தது மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்து முடித்துவிட்டுக் கொஞ்சம் மெதுவாகக் கேட்டார்.

"அது சரி, மெய்யாக் காணாமப் போன ஆள் ஆரு?"

"தெரியா அண்ணன்."

"அப்ப அந்த ஆளிட ஊட்டுக்காரரும் டீவி பாப்பாங்கதானே. என்னயக் கண்டா, நம்மட ஆள் இல்ல எண்டு நினைக்க மாட்டாங்களா?"

போனை வைத்ததும் நான் ஸ்க்ரோலில் எழுதினேன்: 'ஏழு மணிச் செய்தியில் காட்டப்பட்டவர் காணாமல் போன மீனவர் அல்ல.' ஒரே வரி. ஒரு பட்டனை அழுத்தினால் திரையின் அடியில் ஓடும். ஆனால் கேட்காமல் போட எனக்குத் துணிவில்லை. சேர் ஒரு கலியாண வீட்டில் இருந்தார். மேளச் சத்தத்துக்கு மேலாகச் சொன்னார்:

"பிழை விட்டம் எண்டு நாமளே எழுதுறதா? பேசாம இரி. காலையில பேரோட சரியாப் போடுவம்."

ஓம் சேர் என்றேன். அந்த வரியை அழித்தேன். வீட்டுக்குப் போய் அடுப்பை மூன்று தரம் பார்த்தேன்.

4. கண்டல் வேர்

காணாமல் போனவர் பழுகாமத்துக்காரர். பெயர் தெய்வநாயகம். அடுத்த நாள் பத்து மணிக்குப் பிறகு அவருடைய மைத்துனர்தான் கண்டெடுத்தார். தோணியைத்தான் காற்று வாவிக்கு அக்கரைக்கு, கிழக்கே எழுவான்கரைக்குக் கொண்டுபோயிருந்தது. ஆள் பழுகாமத் துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில், தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கும் ஒரு கண்டல் மரத்தடியில் இருந்தார். ஹனீபா காக்கா படம் எடுத்து வந்தார். அவர் எனக்குப் படத்தைத் தரவில்லை. சொல்ல மட்டும் செய்தார்.

"உடுத்த சாரத்தைக் கழட்டி, தண்ணி இழுக்காம வேரோட சேத்துத் தன்ட நெஞ்சைக் கட்டி இரிக்காரு தம்பி. கட்டிப்போட்டுக் கன நேரம் இருந்திரிக்காரு. விடியச் சாமத்துக்குக் கிட்டத்தான் உயிர் போயிரிக்கும் எண்டு டொக்டர் சொல்றாரு. குளிர்."

ஏழேகாலிலிருந்து விடியற்சாமம் வரை எத்தனை மணித்தியாலம் என்று நான் விரலால் எண்ணினேன். இப்போதும் சில நாள் எண்ணுகிறேன்.

காலைச் செய்தியில் பேரோடு சரியாகப் போடுவோம் என்று சேர் சொன்னார் அல்லவா? அன்று இரவு ஏழு மணிச் செய்தியில்தான் போட்டோம். எல்லாம் சரியாக இருந்தது.

5. எட்டாம் நாள்

எட்டாம் நாள் ஹனீபா காக்காவின் மோட்டார் சைக்கிளில் பழுகாமத்துக்குப் போனேன். போக வேண்டாம் என்று சேர் சொன்னார். முற்றத்தில் பந்தலும், மாலை போட்ட அவருடைய படமும் இருந்தன. மைத்துனர் எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"டீவிக்காரரா? கமரா கொண்டு வரல்லியா? எடுங்க. இண்டைக்குப் படத்தில இருக்கிற ஆள் சரியான ஆள்தான்."

நாங்கள் செருப்பைக் கழற்றினோம். உள்ளே பூமணி அக்கா, தெய்வநாயகத்தின் மனைவி, என்னை இருக்கச் சொன்னார். தேத்தண்ணி வந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"மனிசன் இறாலுக்குப் போனா விடியத்தான் வருவார், தம்பி. டீவியில தோணி கவுண்ட எண்டதும் எனக்கு நெஞ்சு அடைச்சுப் போயிட்டு. மறுகா அந்த வலைக்காரரைக் காட்டினாங்க. நம்மட ஆள் இல்ல. கடவுளே எண்டு சிரிச்சிட்டன். அந்த ஆளிட பொஞ்சாதி இப்ப என்ன பாடுபடுவாளோ எண்டு ரெண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டன். மறுகா சோத்தைப் போட்டுத் தின்டுட்டுப் படுத்தன்."

அவர் பக்கத்திலிருந்த தட்டைத் தள்ளி வைத்தார்.

"அவர் அங்க கட்டிக்கொண்டு கிடந்திருக்கார். நான் சோறு தின்டிருக்கன்."

நான் சொல்லாமல் வந்திருக்கலாம். சொன்னேன். படத்தை வைத்தது நான். அது பிழை என்று ஏழேகாலுக்கே எனக்குத் தெரியும். திருத்தி எழுதினேன், பிறகு அழித்தேன்.

பூமணி அக்கா கேட்டார்:

"அதை எழுத எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"அரை நிமிசம், அக்கா."

"அரை நிமிசம்" என்று அவரும் சொன்னார். தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை.

6. இப்போது

கேபிள் போய்விட்டது. அந்த இரண்டு அறையும் சைக்கிள் கடைக்காரரின் ஸ்டோர். நான் வேறொரு செய்திப் பக்கத்துக்கு எடிட் பண்ணிக் கொடுக்கிறேன். பழைய படம் என்றால் முகத்துக்குக் குறுக்கே எழுதுகிறேன். படம் அசிங்கமாகத்தான் இருக்கிறது. என்னைப் பகிடி பண்ணுகிறார்கள்.

தம்பிமாருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். படம் இல்லையென்றால் படம் இல்லாமல் போடுங்கள். பிழை தெரிந்தால் தெரிந்த அந்த நிமிடமே எழுதுங்கள். யாரிடமும் கேட்க வேண்டாம். வேலை போனால் வேறு வேலை தேடலாம்.

என் மகனும் இறாலுக்குப் போகிறவன். காற்று அடிக்கிற நாளில் அவன் வரப் பிந்தினால் நான் செய்தி பார்ப்பதில்லை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு துறைக்குப் போகிறேன்.