இருவர் கையெழுத்திட்ட சுவர்

அந்த அலுவலகத்தில் என் மேசைமேல் இரண்டு அழைப்பு மணிகள் இருந்தன. இடப்பக்கத்து மணி பெரிய சார் அறையிலிருந்து அடிக்கும், வலப்பக்கத்தது சின்ன சார் அறையிலிருந்து. ஒன்று கரகரக்கும், மற்றது கிணுகிணுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் அடித்தால் நான் எழுந்து நின்று, எந்தப் பக்கமும் போகாமல் தண்ணீர் குடிப்பேன். எனக்கு வாய்த்த வீரம் அவ்வளவுதான். அந்த வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்றைக்கும் கோவில்பத்து வீட்டில் கேஸ்காரர் மணியை அழுத்தினால் என் கை செம்பைத் தேடுகிறது. கதவைத் திறப்பது என் மனைவி.

இப்போது கட்டடக்கலைஞர்களான அந்த இருவருக்கும் பாராட்டு விழா எடுக்கிறார்களாம். விழா மலர் போடுகிறவர் என்னைத் தேடி வந்து, "நீங்கதான் கூடவே இருந்தீங்க, நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்றார். கூடவே இருந்தேன், மறுக்கவில்லை. நல்லதாக என்கிற இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது. காரைக்கால் வளர வளர, இடிபட வேண்டிய பழைய கட்டடங்களை நிமிர்த்தி வைத்தவர்கள் அவர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதுவும் பொய்யில்லை. வணிகர் வீடுகள், பழைய பண்டகசாலை, ஓடு வேய்ந்த பள்ளிக்கூடம் என்று எதன் முன்னால் நின்று இன்று வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொண்டாலும் அது இவர்கள் கைபட்டதுதான். ஆனால் அந்தப் பண்டகசாலைக்கு மஞ்சள் அடிப்பதா வெள்ளை அடிப்பதா என்று தொடங்கிய சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது யாருக்கும் தெரியாது. கடைத்தெருப் பக்கம் மஞ்சளும் அரசலாற்றுப் பக்கம் வெள்ளையுமாக அது நிற்பதை, பிரெஞ்சுக்காரன் ரசனையே தனி என்று விளக்குகிறார்கள். ரசனை இல்லை ஐயா, பகை.

பேச்சுத்தான் நின்றது, தொழில் நிற்கவில்லை. எந்த வரைபடமும் இருவர் கையெழுத்தும் இல்லாமல் வெளியே போகக்கூடாது என்பது கூட்டு தொடங்கிய நாளில் போட்ட விதி. பெரிய சார் திருத்தி எழுதியதை நான் சின்ன சாரிடம் கொண்டுபோவேன். அவர் பார்த்துவிட்டு, "இத எழுதினவருக்குக் கண்ணு தெரியலைன்னு போய்ச் சொல்லு" என்பார். அதைப் போய்ச் சொல்கிற தைரியம் எனக்கேது? "யோசிச்சுப் பாக்கலாம்னாங்க சார்" என்பேன். அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன் என்று எனக்குப் பெயர். பார்த்த உத்தியோகம் மொழிபெயர்ப்பு.

அந்தச் சமயத்தில் கப்பல் வியாபாரம் செய்த குடும்பத்துப் பழைய வீடு ஒன்று புதுப்பிக்க வந்தது. அக்குடும்பங்களில் பெண்ணுக்குத்தான் வீடு. தாய் தன் இரண்டு மகள்களுக்கும் ஒட்டினாற்போல இரண்டு வீடு கொடுத்து, நடுச்சுவரில் ஒரு வாசலும் வைத்திருந்தார். தெருவில் இறங்காமலே அக்காவும் தங்கையும் போய்வரலாம். எங்களிடம் வந்தது அக்காவின் வீடு. நான் டேப்போடு அளக்கப் போனபோது ஆண்கள் யாரும் இல்லை, உள்கட்டில் பெண்களின் பேச்சுக்குரல் கேட்டது. அம்மா, கொஞ்சம் உள்ளே வரலாமா என்று கேட்டிருக்கலாம். கூச்சம் விடவில்லை. தெருவிலிருந்து அளந்தேன், வெளிப்படி வழியாக மாடியில் ஏறி அளந்தேன், மிச்சத்தைக் கணக்கில் கழித்துப் போட்டேன். சுவரின் கனம் அங்குலம் பிசகாமல் வந்ததில் எனக்குப் பெருமைகூட. வாசல் மட்டும் வரவில்லை.

பெரிய சார், சின்னவர் நேரில் பார்த்திருப்பார் என்று கையெழுத்துப் போட்டார். சின்ன சார், பெரியவர் பார்த்திருப்பார் என்று போட்டார். குடும்பம் நாகூரில் உறவினர் வீட்டுக்குக் குடிபெயர்ந்தது, வேலை தொடங்கியது. பிளானில் இல்லாத வாசல் ஒன்று இருக்கிறதே என்று மேஸ்திரி போனில் கேட்க, பிளானில் உள்ளபடி செய் என்றார் பெரிய சார். அடைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் தங்கை, தன் கண்ணெதிரே செங்கல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அக்கா சொல்லாமலா அடைப்பார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. அக்கா திரும்பிவந்து சுவரைப் பார்த்தார். தங்கை கேட்காமலா அடைத்திருப்பார்கள் என்று அவரும் திறக்கவில்லை. நாலு நாள் கழித்து அக்காவின் மருமகன் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, மாமி சோற்றைத் தொடவில்லை, வாசலை அடைக்கச் சொன்னது யார் என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

அவர் போனதும் பெரிய சார் தன் அறையை விட்டு வெளியே வந்தார். சின்ன சாரும் வந்தார். வருஷக்கணக்கில் பேசாதவர்கள் என் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று வரைபடத்தை விரித்து, அளந்தவர் என்ற கட்டத்தில் இருந்த என் பெயர்மேல் ஆளுக்கொரு விரல் வைத்தார்கள். அவர்களைச் சேர்த்து வைத்த புண்ணியம் எனக்குத்தான். உடனே இருவருமாக ஒரு கடிதம் தயாரித்தார்கள். பெரியவர் வாக்கியம் சொல்ல, சின்னவர் சொல்லைத் திருத்தினார். அளந்தபோது அந்தச் சுவரில் வாசல் எதுவும் இருக்கவில்லை என்பது சாரம். அதன் கீழே நான் கையெழுத்திட வேண்டும், நானே கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டும். "நம்ம கம்பெனி பேரு இருக்குல்ல" என்றார் சின்ன சார். நம்ம என்ற சொல்லை அந்த அலுவலகத்தில் அன்றைக்குத்தான் கேட்டேன்.

எதிர்த்து நின்றேன் என்று எழுத ஆசைதான். கையெழுத்தைக் கொஞ்சம் கோணலாகப் போட்டேன், என் எதிர்ப்பு அவ்வளவுதான்.

அக்காவுக்கு எழுபது வயதிருக்கும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அப்ப நானும் தங்கச்சியும் இத்தனை வருஷமும் சுவத்துக்குள்ள புகுந்தா தம்பி போயிட்டு வந்தோம்?"

தண்ணீர் கேட்டேன். கொடுத்தார். குடித்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், உள்ளே வரக் கூசியது, கழித்துப் போட்டது, கையெழுத்துப் போட்டது எல்லாம். வேலை போய்விட்டது என்பது பேசும்போதே தெரிந்தது. நாக்கு நிற்கவில்லை.

"வாசல்ல நின்னு ஒரு குரல் குடுத்திருந்தா உள்ளேர்ந்து நாங்களே அளந்து சொல்லியிருப்போமே" என்றார் அவர். அந்த இரண்டு சாரும் சேர்ந்து என் பெயர்மேல் விரல் வைத்ததைவிட அது வலித்தது. "எங்கிட்ட சொன்னத அங்க சொல்லுங்க" என்று சுவரைக் காட்டினார்.

அன்று எந்த அனுமதியும் கேட்காமல் உள்கட்டுக்குள் போனேன். பூச்சு இன்னும் ஈரம் காயவில்லை. அதில் வாயை வைக்காத குறையாக நின்று, "அம்மா, வாசலை அடைச்சது நாந்தாம்மா. உங்க அக்கா இல்ல. நான் பாக்காம வரைஞ்சிட்டேன்" என்று கத்தினேன். அக்கா சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"லாத்தா" என்று அக்காவைக் கூப்பிட்டது மெல்லிய குரல், "அந்தத் தம்பிய விட்டுராத. கடப்பாரை எடுத்துக் குடு."

மலர்காரருக்கு இதைத்தான் கொடுக்கப்போகிறேன். போடமாட்டார்கள், தெரியும். அன்று அந்த வாசலை இடித்துத் திறந்ததில் என் கையில் வந்த கொப்புளம் ஆற ஒரு வாரமாயிற்று.