சின்னக் கேமராவும் முதல் முடிச்சும்

வலது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போகத் தொடங்கியதை முதலில் நான் யாரிடமும் சொல்லவில்லை. வாரத்தில் ஐந்து நாள் மலேசியாவின் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில், நுண்ணோக்கிமேல் குனிந்து கணினிச் சில்லுகளைச் சோதிக்கும் வேலை. சனி, ஞாயிறுகளில் கல்யாணப் படம் எடுக்கும் வேலை. ஒன்பது வருஷமாக இரண்டையும் சேர்த்தே செய்துவந்தேன். பெரிய கேமரா, நீள லென்ஸ், மேலே ஃபிளாஷ் எல்லாம் சேர்ந்து நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கும். ஒரு நிச்சயதார்த்தத்தில் மாற்ற எடுத்த லென்ஸ் கையிலிருந்து நழுவி விழுந்தது. கீழே விரித்திருந்த ஜமுக்காளம் காப்பாற்றியது. மறுநாளே கிளினிக்குப் போனேன்.

"கழுத்துல நரம்பு நசுங்குது. இனிமே இந்தப் பாரமெல்லாம் தூக்காதீங்க" என்றார் டாக்டர்.

"தூக்கினா?"

"அப்புறம் கரண்டி பிடிக்கவே கஷ்டமாயிடும்."

வீட்டுக்காரர், "விட்டுடேன்லா, உனக்கு வேலையா இல்ல?" என்றார். விட மனம் வரவில்லை. தொழிற்சாலையில் நான் பார்க்கும் சில்லு எந்த ஊருக்குப் போகிறது, எதற்குள் உட்காருகிறது என்று எனக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் நான் எடுத்த படம் எந்தச் சுவரில் தொங்குகிறது என்று தெரியும்.

சுங்கைப்பட்டாணியில் நான் வழக்கமாகப் போகும் கடையில் பெரிய கேமராவையும் லென்சுகளையும் மேசைமேல் வைத்து, பதிலுக்கு ஒரு சின்னக் கேமரா கேட்டேன். கடைக்காரச் சீனர் "பெத்துல் கே?" என்று இரண்டு முறை கேட்டார். நிஜமாகத்தானா என்று. தலையாட்டினேன். அவர் கொடுத்தது என் உள்ளங்கைக்குள் அடங்கியது. கடையை விட்டு வெளியே வந்தபோது கழுத்து லேசாக இருந்தது. திரும்பிக் கடைக்குள் இருந்த பழைய கேமராவை ஒரு முறை பார்த்தேன்.

இரண்டு வாரத்தில் கராங்கானில் ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தேன். பெண், எங்கள் பிரிவிலேயே எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்காருபவள். கேமரா மாறியதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். தினமும் கேன்டீனில் ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம். தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துப் பழகினேன். வெளிச்சத்தில் நன்றாக வந்தது. சமையலறை மூலையில் சொதப்பியது. கல்யாணத்தன்று காலையில் பழைய பெரிய பையைத் தேடி எடுத்து, சின்னக் கேமராவை அதற்குள் போட்டு மாட்டிக்கொண்டேன். மற்றபடி வெறும் பை. உள்ளே பெரிய கேமரா இருப்பதாக ஆட்கள் நினைக்க வேண்டுமே.

கோயில் மண்டபத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் நேரே என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, கேமராக்காரர் வந்துட்டாரா?"

"நான்தாண்ணே."

என் கையைப் பார்த்தார். "இதா? என் ஹேண்ட்போன் இதவிடப் பெருசா இருக்கேலா!" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். காது சுட்டது.

பெண் மணவறைக்கு வந்தபோது என் கையிலிருந்ததை அவளும் பார்த்தாள். "பசியாறிட்டீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள். தலையாட்டிவிட்டுக் கேமராவைப் பைக்குப் பின்னால் மறைத்தேன்.

முன்பெல்லாம் தூரத்தில் ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று, நீள லென்சால் தாலி கட்டுவதை எடுப்பேன். இந்தக் கேமராவுக்குக் கிட்டே போக வேண்டும். ஐயரின் தோளுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே முட்டி போட்டு உட்கார்ந்தேன். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகக் கூட்டத்துக்குள் போனது. பின்வரிசை வரைக்கும் போய்த் திரும்ப வெகுநேரம் ஆனது. பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதே என்று எதையும் அழுத்தாமல் கேமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

கெட்டிமேளம் ஒலித்தது. கூட்டம் எழுந்தது. எல்லாருடைய கையிலும் ஹேண்ட்போன் உயர்ந்தது. நான் அழுத்தினேன். திரை கறுப்பாக இருந்தது. சும்மா விட்டால் சிறிது நேரத்தில் இந்தக் கேமரா தானே தூங்கிவிடும். லென்ஸ் உள்ளே போய்விடும். அந்த அமைப்பை மாற்றிவைக்க மறந்திருந்தேன். மறுபடி அழுத்தி, லென்ஸ் வெளியே வந்து, திரை விழித்தபோது மாப்பிள்ளை போடும் முதல் முடிச்சு விழுந்திருந்தது. மாப்பிள்ளையின் அக்கா போட்ட மற்ற இரண்டு முடிச்சுகள்தான் கிடைத்தன.

அதற்குப் பிறகு எதை எப்படி எடுத்தேன் என்று நினைவில்லை.

காடியில் என்னை ஏற்றிக்கொண்டு ஓட்டிவந்த வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர், "எல்லாம் முடிச்சுதானே, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். தெரியும். படத்தில் இருந்தது மாப்பிள்ளையின் கை இல்லை. மருதாணி போட்ட கை, வளையல் போட்ட கை.

பெண் ஒரு வாரம் விடுப்பில் இருந்தாள். அவளுடைய காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை சில்லுகளைத் தட்டு மாற்றி வைத்து மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினேன். அவளுக்குச் செய்தி எழுதுவேன், அழிப்பேன். கடைசியில், "படம் பார்க்க வீட்டுக்கு வாங்க" என்று மட்டும் அனுப்பினேன்.

சனிக்கிழமை பகலில் புருஷனோடு பாக்கார் ஆராங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மடிக்கணினியைத் திறப்பதற்கு முன்பே, முதல் முடிச்சு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். தேநீர் குவளையை அவள் அப்படியே கீழே வைத்தாள்.

"பழைய கேமரா இருந்தா கிடைச்சிருக்கும், இல்லக்கா?" என்று அவள் புருஷன் கேட்டான்.

"கிடைச்சிருக்கும் தம்பி."

"ஏங்க்கா என்கிட்ட முன்னாடியே சொல்லல?" அவள் என் பக்கம் திரும்பினாள். "தெனமும் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

"சொன்னா வேற ஆளப் பாத்துக்குவியோன்னு பயந்துட்டேன்மா." அப்போதுதான் என் விரல்கள் மரத்துப்போவதைப் பற்றியும் சொன்னேன்.

உறவுக்காரர்கள் அனுப்பிய வீடியோக்களை அவன் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தான். ஒன்றில் ஐயரின் முதுகு. ஒன்றில் முன்னால் நின்றவரின் ஹேண்ட்போன். ஒன்றில் மட்டும் அவனுடைய கையும் கயிறும் மங்கலாகத் தெரிந்தன.

திடீரென்று அவள் கேட்டாள். "உங்களுக்குப் படம் விழல. ஆனா நீங்க பாத்தீங்கதானே?"

"பாத்தேன். கேமரா முழிக்கிற வரைக்கும் கண்ணாலதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"எப்படி இருந்துச்சு? நான் தல குனிஞ்சிருந்தேன். எனக்கு எதுவுமே தெரியலக்கா."

"தம்பிக்குக் கை நடுங்குச்சு. கயிறு உன் பூவுல சிக்கிக்கிச்சு. அவங்க அக்காதான் பூவ ஒதுக்கி விட்டாங்க."

"நடுங்கல்லாம் இல்ல" என்றான் அவன்.

"நடுங்குச்சு தம்பி. நான் ஒரு கை தூரத்துல இருந்தேன்." அவள் பக்கம் திரும்பினேன். "உங்கப்பா அரிசி போடவே மறந்துட்டாரு. கைய இறுக்கி மூடிக்கிட்டு உன் கழுத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. எல்லாரும் போட்டு முடிச்சப்புறம் ஞாபகம் வந்து போட்டாரு. அதுவும் ஐயர் தலையில விழுந்துச்சு."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "அப்பா என்கிட்ட இதெல்லாம் சொல்லவே மாட்டாரு" என்றாள். மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

அந்த வீடியோவிலிருந்து எடுத்த மங்கல் படத்தையே ஆல்பத்தில் சேர்த்தோம். அதில் அவளுக்கு முழுத் திருப்தி இல்லை என்று எனக்குத் தெரியும். தாய்மாமன் வீட்டுக் கல்யாணத்துக்கு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். ஆனால் எங்கள் பிரிவில் இன்னொரு பெண்ணுக்கு அவளே என் பெயரைச் சொன்னாள். கேமரா சின்னது என்றும் சேர்த்தே சொல்லியிருந்தாள்.

இப்போது யாராவது கேட்டு வந்தால் முதலில் கேமராவை எடுத்து மேசைமேல் வைத்துவிடுகிறேன். பார்த்துவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. போன வாரம் ஒரு அம்மா, மகள் கல்யாணத்துக்காக வந்தவர், அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது போதுமாம்மா?"

"கொஞ்சம் கிட்ட வந்து நிப்பேன், பரவால்லையா?" என்று கேட்டேன்.

வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போயிருக்கிறார். ஹேண்ட்போன் அடிக்கும்போதெல்லாம் அவர்தானா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.