சாக்லேட் புகையும் என் நாக்கும்

என் மனைவியின் தம்பி கப்பலில் என்ஜினியர். போன லீவில் வந்தபோது எனக்கென்று ஒரு பைப்பும், தட்டையான ஒரு தகர டப்பாவும் கொண்டுவந்தான். டப்பாவில் சாக்லேட் மணமுள்ள புகையிலை. டாக்டர் சொல்லி நான் சிகரெட்டை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. "இது சிகரெட் இல்ல மச்சான், இது வேற லெவல்" என்றான். கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் வாயில் பைப் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கும் தோன்றியது. நான் மறுக்கவில்லை.

மூடியைத் திறந்ததும் அடித்த வாசனையைப் பொய் சொல்லாமல் சொல்ல வேண்டுமென்றால், பரமக்குடி பேக்கரியில் கேக் வேகும் நேரத்தில் வாசலில் நிற்பது மாதிரி இருந்தது. உள்ளே காகிதத்துக்கு நடுவில், புகையிலையை அழுத்திச் சீவிய மெல்லிய பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. கரும்பழுப்பு நிறம், தொட்டால் லேசாகப் பிசுபிசுப்பு. ஒரு பட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, உதிர்த்து, பைப்பில் அடைக்க வேண்டும். அடியில் தளர்வாக, மேலே கொஞ்சம் இறுக்கமாக. அப்புறம் பற்றவைக்க வேண்டும், அது அணையும், மறுபடி பற்றவைக்க வேண்டும். முதல் நாள் அரை டப்பா தீக்குச்சி தீர்ந்தது.

இன்டர்நெட்டில் இந்தப் புகையிலையைப் பற்றி எழுதியிருந்த ரசிகர்களுக்குக் கோகோ, அத்திப்பழம், பழைய தோல் நாற்காலி எல்லாம் வரிசையாக நாக்கில் வந்ததாம். பழைய நாற்காலியை யார் நக்கிப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை. எனக்கு முதல் இரண்டு இழுப்புக்கு சாக்லேட்டின் நிழல் தெரிந்தது. அதற்குப் பிறகு வைக்கோல். அப்புறம் லேசாகப் புளித்த உலர்திராட்சை. கடைசியில் அடிப்பிடித்த பால் சட்டியைச் சுரண்டி வாயில் போட்ட மாதிரி ஒரு கசப்பு. நாக்கின் நுனி வெந்து போயிருந்தது.

ஆனால் சாக்லேட் எங்கும் போய்விடவில்லை. அது முழுக்க அறைக்குள் இருந்தது. இருபது வருடம் சிகரெட்டுக்காக என்னை வாசலுக்குத் துரத்திய என் மனைவி சமையலறையிலிருந்து வந்து, மூச்சை இழுத்து மோந்து பார்த்து, இது நன்றாகத்தானே இருக்கிறது என்றாள். மாடி வீட்டு அம்மா என்ன கேக் செய்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார். மணமெல்லாம் ஊருக்கு, சூடு மட்டும் எனக்கு.

அதன்பிறகு வீட்டில் என் மதிப்பு உயர்ந்தது. யாராவது வருவதாக இருந்தால், பத்து நிமிடம் முன்னாடியே ஹாலில் உட்கார்ந்து கொஞ்சம் புகைக்கும்படி மனைவி சொல்வாள். மீன் வாடை போக வேண்டுமாம். ஊதுவத்திக்குக்கூட இந்த வீட்டில் அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. நானும் கால்மேல் கால் போட்டு, சிந்திக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு புகைந்தேன். நாக்கில் தோல் உரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

சிக்கல் என்கிற ஊரிலிருந்து அவளுடைய சித்தப்பா குடும்பம் விருந்துக்கு வந்த அன்றுதான் மாட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து குழம்புக்கு உப்பு பார்ப்பது என் இலாகா. கரண்டியில் ஊற்றிக் கொடுத்தாள். விளைமீன் குழம்பு. உறைப்பும் தெரியவில்லை, புளியும் தெரியவில்லை, ஏதோ சூடாக இறங்கியது. பிரமாதம் என்று சொல்லிவிட்டு ஹாலுக்குப் போனேன்.

பேச்சு மும்முரத்தில் அவள் இரண்டு தரம் உப்பு போட்டிருக்கிறாள். பந்தியில் முதல் வாய்க்குப் பிறகு பேச்சு நின்றது. சித்தப்பா மரியாதைக்காரர், மூன்று சொம்பு தண்ணீர் குடித்தார். நான் மட்டும் இன்னொரு தரம் குழம்பு ஊற்றச் சொன்னேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

அவர்கள் போனபிறகு மனைவி டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். கோபமாகப் பேசியிருந்தால் சமாளித்திருப்பேன்.

"சிகரெட் பிடிச்ச காலத்துலகூட உங்க நாக்கு எனக்கு உதவுச்சு. முப்பது வருசத்துல இன்னைக்குத்தான் ஒத்தையா நின்னேன்" என்றாள்.

மறுநாள் காலை டப்பாவையும் பைப்பையும் பையில் போட்டுக்கொண்டு தங்கச்சிமடத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே என்னுடன் பள்ளியில் படித்த நண்பன் இருக்கிறான், சொந்தமாக வள்ளம் வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்தான். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவன். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை சிரித்தான். பிறகு ஒரு பட்டையை எடுத்து அப்படியே வாயில் அதக்கினான். கொஞ்ச நேரம் மென்று, மணலில் துப்பினான். போயிலையைச் சர்பத்தில் நனைத்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டான்.

கடைசியாக ஒரு தரம் என்று நான் வள்ளத்தின் மறைவில் காற்றுக்கு ஒதுங்கிப் பற்றவைத்தேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன் வாத்தியாரே, பஸ்ஸப் பிடிக்கப் போறவரு மாதிரி இழுக்குறீக? மெதுவா" என்றான்.

மெதுவாக இழுத்தேன். அணைந்துவிடும்போல இருந்தது, விட்டுவிட்டேன். ஐந்தாறு நிமிடம் கழித்து, சர்க்கரை போடாத கோகோவின் கசப்பு, வறுத்த மாதிரி ஒரு மணத்தோடு, நாக்கின் பின்பக்கம் வந்து நின்றது. உண்மையிலேயே நன்றாக இருந்தது. இத்தனை நாள் அது டப்பாவுக்குள் இருந்திருக்கிறது, நான்தான் விரட்டி விரட்டி எரித்திருக்கிறேன். அத்திப்பழம் மட்டும் கடைசிவரை வரவில்லை.

பைப் ஆறியதும் சாம்பலைத் தட்டிவிட்டு, டப்பாவோடு அவனிடமே கொடுத்தேன். இவ்வளவு ருசியாக இருந்ததென்றால் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்டான். வீட்டில் எனக்கு வேறு வேலை இருக்கிறது என்றேன்.