இடைவேளை வரைக்கும் ஒரு விமர்சகர்

கண்ணாடிக் கடையில் அவருக்கு வேலை, வருகிறவர்களைச் சுவர்ப் பலகையில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வது. தெருவில் அவருக்குப் பெயர் 'ரெண்டு ஸ்டார்'. சனிக்கிழமைப் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதுவார். எப்பேர்ப்பட்ட படத்துக்கும் ரெண்டுதான். மூன்றாவது ஸ்டார் கேட்டால், சொத்தில் பங்கு கேட்ட மாதிரி முகத்தைச் சுளிப்பார்.

இதில் ஒரு கமுக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் முதலாளி அவரை வெளியே விடுவார். அதற்குள் பாதிப் படம்தான் அடங்கும். இடைவேளை மணி அடித்ததும் கடைக்கு ஓட்டம். மீதிக் கதையை ஊகித்து எழுதிவிடுவார். படங்களும் அவர் மேல் இரக்கப்பட்டு அப்படியே முடிந்துகொண்டிருந்தன.

அந்த மர்மப் படத்தில் மட்டும் ஊகம் ஓடவில்லை. விற்றுத் தீர்ந்த ஒரு நாவலைப் படமாக்கியிருந்தார்கள். இடைவேளை வரை எல்லார் மேலும் சந்தேகம், நாய் உட்பட. நல்லவேளை, நாவலைக் கரைத்துக் குடித்தவள் அவர் மனைவி. கடையிலிருந்தே போன் போட்டார்.

"கொலை பண்ணது யாரு? சீக்கிரம் சொல்லு."

"சொல்லிட்டா அப்புறம் படத்துல என்னங்க இருக்கு?"

"நான் பார்த்ததே பாதிதான். மீதிய நீ சொல்லு."

"ஒரு நாளாவது என்னையும் கூட்டிட்டுப் போய் முழுசாப் பாருங்களேன்."

"அடுத்த தடவை. யாரு?"

"தோட்டக்காரன்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

'தோட்டக்காரன்தான் கொலைகாரன் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரிந்துவிடுகிறது' என்று சனிக்கிழமை அச்சாகி வந்தது. மற்றப் பத்திரிகைகளோ, நாவலின் முடிவையே மாற்றிய துணிச்சலைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தன. ஆசிரியர் போனில் கத்தினார்.

"யோவ், நீ எந்தப் படத்தைய்யா பார்த்த? இடைவேளை முடிஞ்சதுமே தோட்டக்காரன் செத்துப்போறான். செத்தவனா எழுந்து வந்து கடைசிக் கொலையப் பண்ணான்?"

அவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"ஒழுங்கா முழுப் படத்தையும் பார்த்துத் திருத்தி எழுது. இல்லேன்னா உன் இடத்துல குறுக்கெழுத்துப் போட்டி போட்டுடுவேன்."

கடையில் முதலாளி பேச்சு, வீட்டில் மகள்கள் பேச்சு. அவர் பேச்சு எடுபடுவது பத்திரிகையின் அந்த ஒரு சாண் இடத்தில்தான். அதுவும் போனால்?

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு போனார். இடைவேளை மணி அடித்ததும் கால்கள் தாமாக எழுந்தன. அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உட்காருங்க. இன்னைக்குக் கடை லீவு."

தோட்டக்காரன் செத்தபோது அவள் மூக்கை உறிஞ்சினாள். "பாவம், புத்தகத்துல இவன் மனசுக்குள்ள எவ்வளவு வெச்சிருந்தான் தெரியுமா?" என்று தொடங்கி, கதையை மாற்றியவர்களைத் திட்டினாள், திட்டிக்கொண்டே நகத்தைக் கடித்தாள். திரை வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்து விழுந்து போனது. அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, கடைசில யாரு பண்ணது?"

அவள் நின்றுவிட்டாள். "உங்களை..." என்று ஆரம்பித்து, வாய்விட்டுச் சிரித்து, வீடு வரும்வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் அதை அப்படியே எழுதிக் கொடுத்தார்.

ஆசிரியர் படித்துவிட்டு, "பரவாயில்லைய்யா, இடத்தை நீயே வெச்சுக்க," என்றார். "அது என்ன அதிசயமா மூணு ஸ்டார்?"

"ரெண்டாவது பாதி நல்லா இருந்துச்சு சார்."