அடிபடாத சொல்

அந்த ஜெராக்ஸ் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். தீர்மானப் புத்தகத்தின் ஒரு பக்கம். சுற்றிலும் கறுப்பாகக் கறை, நடுவில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு வெள்ளை. ஜெராக்ஸுக்குச் சிவப்பு தெரியாது. அந்தக் கறை பதினொன்றாம் வார்டு உறுப்பினரின் ரத்தம்.

அரியலூர்ப் பக்கம் ஓர் ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். கூட்டம் கூடுவதற்கு முன்பே தீர்மானங்களை எழுதி, ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று முடித்து வைத்துவிடுவேன். உறுப்பினர்கள் வந்து கையெழுத்துப் போட்டு, வடையைத் தின்றுவிட்டுப் போவார்கள். கை பழகியது, கூச்சமும் விட்டுப்போனது.

அன்றைக்குச் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு இடுகாட்டின் குறுக்கே பாதை விடும் தீர்மானம். பதினொன்றாம் வார்டு உறுப்பினராக இருந்த அம்மாவின் சனங்களைப் புதைக்கிற இடம் அது. முதல்முறை உறுப்பினராகி வந்தவர், விரல் வைத்து வரிவரியாகப் படித்தார்.

“நான் ஒத்துக்கவே இல்லையே சார், ஏகமனதுன்னு எப்படி எழுதுனீங்க? அந்தச் சொல்ல அடிங்க. எதிர்ப்பு ஒண்ணுன்னு இருந்தாத்தான் நாளைக்கு கலெக்டர் ஆபீஸுல நாங்க பேச முடியும்.”

பேனாவைத் திறந்தேன். “அடிச்சுப் பாருய்யா, அப்பறம் தெரியும்” என்றார் துணைத்தலைவர். மூடிவிட்டேன்.

அந்த அம்மா சொல்லின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்து, எடுக்க மாட்டேன் என்றார். துணைத்தலைவர் இரும்பு நாற்காலியை மடக்கித் தூக்கினார். முதல் அடியில் விரல் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கை நகரவில்லை. இரண்டாவது அடி மணிக்கட்டில் இறங்கியது. வாசலிலிருந்து ஓடிவந்த அந்த அம்மாவின் கணவரைத் துணைத்தலைவரின் ஆட்கள் சுவரோடு சாத்தி வாயிலேயே குத்தினார்கள். பல் ஒன்று என் மேசையில் வந்து விழுந்தது. தரையெல்லாம் சட்னியும் ரத்தமும். மற்ற உறுப்பினர்களில் ஒருவர்கூட எழவில்லை. நானும்தான்.

அவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன பிறகு, ரத்தம் காயாத அதே பக்கத்தின் அடியில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு கோடு இழுக்க எனக்குத் துப்பில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் வாங்கிக்கொண்டு, மாவுக்கட்டோடு ஒருநாள் அந்த அம்மா என் மேசைக்கு வந்தார்.

“அந்தச் சொல்லத்தானே அடிக்கச் சொன்னேன் சார். என்னைய அடிச்சாங்க. இப்ப எங்கப்பாவப் பொதைச்ச எடத்துமேல லாரி ஓடுது. இத நீங்களே வச்சுக்குங்க.”

ஓய்வுபெற்று பெரம்பலூருக்கு வந்துவிட்டேன். அவர் கை மூடியிருந்த இடத்தில் ரத்தம் படவில்லை. அங்கேதான் என் அழகான கையெழுத்தில் ‘ஏகமனதாக’ பளிச்சென்று இருக்கிறது. போன வாரம் பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டேன். ஜெராக்ஸில்தான்.